உரலடிப் பிரெஞ்சு

போடியில் எங்கள் தெருவில் பிரெஞ்சு தெரிந்த முதல் ஆள் என் சித்தப்பா. இரண்டாவது சித்தி. மூன்றாவது நான். நான்காவது, கற்றுக்கொள்கிறோம் என்று தெரியாமலே கற்றுக்கொண்ட என் அம்மா. ஐந்தாவது ஆள் வரவில்லை. அதற்குள் அந்தப் பாடம் எங்கள் வீட்டைவிட்டே போய்விட்டது.

அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். மலையிலிருந்து பொதிக்கழுதைகளில் இறங்கும் காயை வாங்கி, வீட்டில் பெண்களை உட்காரவைத்துத் தரம் பிரித்து, மதுரைக்கு அனுப்புவார். எங்கள் வீட்டில் சோறு, துணி, தலையணை எல்லாமே ஏலக்காய் மணக்கும். சித்தப்பாவுக்கு அந்த வாசனை ஆகாது, தும்மித் தீர்த்துவிடுவார். தும்மலுக்குப் பயந்துதான் மனுஷன் கப்பல் ஏறினார் என்று அம்மா சொல்வாள். சைகோன் பட்டணத்தில் ஒரு தமிழ் முதலாளியின் துணிக்கடையில் அவருக்குக் கணக்கு எழுதுகிற வேலை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. ஒரு லீவில் வந்து சித்தியைக் கல்யாணம் செய்துகொண்டு, மாலை காய்கிறதுக்குள் மறுபடி கப்பல் ஏறிவிட்டார். சித்தி எங்கள் வீட்டில் எங்களோடு இருந்தாள்.

அடுத்த லீவுக்கு அவர் வந்து இறங்கியபோது எனக்கு ஏழு வயசு இருக்கும். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் விட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ரயில் பார்க்கிற சாக்கில் பாதித் தெரு ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. இறங்கிய ஆளைப் பார்த்ததும் ரயிலை மறந்துவிட்டார்கள். கோடு போட்ட காலுறை என்ன, பளபளவென்று வாரிய தலை என்ன, சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கிற கைக்குட்டை என்ன! வீட்டுக்குள் நுழையும்போது கட்டியிருந்த பசுமாட்டின் மேல் இடித்துக்கொண்டு, அதனிடம் “பர்தோன்” என்றார். மன்னிப்புக் கேட்கிறாராம். சாயங்காலத்துக்குள் தெருவில் இருந்த நண்டு சிண்டு எல்லாம் மாட்டைக் கண்டால் பர்தோன் சொல்ல ஆரம்பித்துவிட்டன.

சித்தி சிரிக்கவில்லை. அவள் பாட்டுக்கு உள்ளே போய் வெந்நீர் வைத்தாள். ஆனால் ஊற்றிய தண்ணீரில் பாதி அடுப்பில் விழுந்து தீ அணைந்து, அம்மாதான் மறுபடி ஊதிப் பற்றவைத்தாள்.

அந்த லீவு முடிகிற சமயத்தில் பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து சித்தியின் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பெரிய மீசை, பெரிய குரல். வெற்றிலையைக்கூட ஏதோ பகையாளியைக் கடிப்பதுபோல் கடிப்பார். சாப்பிட்டு முடித்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“இந்தா பாருங்க மாப்ளே. என் தங்கச்சிய ஒங்களுக்குத்தான் கட்டிக் குடுத்தோம். ஒங்க அண்ணன் வீட்டுல கம்பு குத்தவா கட்டிக் குடுத்தோம்? ஒண்ணு கூட்டிட்டுப் போங்க. இல்ல, நான் இப்பவே வண்டியில ஏத்திட்டுப் போறேன். ஊருக்குள்ள என்னால பதில் சொல்ல முடியல.”

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. சித்தப்பா மட்டும் அசரவில்லை. காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, “எனக்கு மட்டும் ஆசை இல்லையா மச்சான்?” என்று ஆரம்பித்தார். துறைமுகத்தில் இறங்கினால் வெள்ளைக்கார ஆபீசர் வந்து நிற்பானாம். ஒவ்வொரு பெண்ணையும் பிரெஞ்சில் கேள்வி கேட்பானாம். பதில் சொல்லத் தெரியாதவர்களைத் தனியாக நிறுத்திவைப்பானாம். “என் பொண்டாட்டி அங்கன ஊமை மாதிரி நிக்கிறதை நான் பாக்கணுமா? அடுத்த தடவை நான் வாரதுக்குள்ள இவ வினைச்சொல்லு அம்புட்டையும் படிச்சுவைக்கட்டும். துண்டு துண்டா நறுக்கி, அழுத்துற எடத்துல அழுத்தி, தப்பில்லாம ஒப்பிக்கட்டும். மறு கப்பல்லயே கூட்டிட்டுப் போறேன்.”

“வாக்குக் குடுத்துட்டீக,” என்றார் மாமா.

“குடுத்துட்டேன்.”

அப்போது சித்தப்பாவின் மனசில் கள்ளம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எதையாவது சொல்லி அந்தப் பொழுதைத் தள்ளினாரோ, உண்மையிலேயே கூட்டிப்போக நினைத்தாரோ. நிலைக்கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சித்திக்கு அந்தச் சந்தேகமெல்லாம் வரவில்லை. அன்றைக்கே பாடம் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

சித்தப்பா ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். சைகோனில் சின்னப் பிள்ளைகள் படிக்கிற புத்தகம். முன்பாதியில் படங்கள்: வீடு, மரம், பூனை, வீட்டு மனுஷர்கள், அவற்றின் கீழே பேர். பின்பாதியில் வினைச்சொல் வாய்ப்பாடு. ஒவ்வொரு சொல்லையும் சின்னச் சின்னக் கோடு போட்டுத் துண்டுகளாகப் பிரித்திருந்தார்கள். வாயில் வராத எழுத்துகளை வெளிறின மையில் அச்சடித்திருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், பிரெஞ்சுக்கும் அதே எழுத்துதான். அதனால் சித்திக்கு எழுத்தைக் காட்டிக்கொடுக்கிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. கிடைத்த உத்தியோகத்தை நான் விடுவேனா?

படம் பார்ப்பது சின்னப் பிள்ளைகள் வேலை என்று எனக்கு நினைப்பு. ஏழு வயசுக் கிழவி! அந்தப் பக்கங்களைச் சித்தப்பா சித்திக்கு மட்டும் தனியாக உட்காரவைத்து அர்த்தத்தோடு சொல்லிக்கொடுத்தார். எனக்கு வாய்ப்பாடு போதும். ஜ பார்ல், து பார்ல், இல் பார்ல், நு பார்லோன், வு பார்லே, இல் பார்ல். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான் என்று அதற்கு அர்த்தம். அர்த்தம் தெரியும்தான். ஆனால் ஈரெட்டுப் பதினாறு என்று கத்துகிற பிள்ளை எதை எண்ணிப் பார்த்துக் கத்துகிறது? அப்படித்தான் நானும் கத்தினேன்.

சித்தப்பா நல்ல வாத்தியார், அதைச் சொல்லத்தான் வேண்டும். “அவன் பேசுறான், அவுக பேசுறாக. எழுத்துல பாரு, அவுகளுக்கு வால் எம்புட்டு நீளம்! வாயில ரெண்டும் ஒண்ணுதான். அந்த வால் எழுத்தெல்லாம் சம்பந்தி வீட்டுக் கூட்டம் மாதிரி. வந்து உக்காருவாக, ஒரு வேலைக்குக் கை நீட்ட மாட்டாக.” அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நல்லவேளை, தேவாரத்து மாமா அன்றைக்கு இல்லை.

துண்டு போட்டாகிவிட்டதா? அப்புறம் அழுத்தம். “கடைசித் துண்டுல லேசா ஒரு அழுத்து. மொதத் துண்டுல அழுத்துனா இங்கிலீஷ்காரி ஆயிருவ. எதுலயும் அழுத்தலைனா போடிக்காரி ஆயிருவ. கடைசில, லேசா.” பார்-லோன். அ-ரி-வோன். நான் சட்டென்று பிடித்துக்கொண்டேன். சித்திக்கு வரவில்லை. பால் என்பதையே பாலு என்று முடிக்கிற வாய் நம்முடையது. கூட ஒரு உகரத்தை வைத்துத்தான் அவள் முடித்தாள். ‘பார்லு.’ ‘பார்லோனு.’ “அந்த உ-வைத் தூக்கிக் கெணத்துல போடு,” என்பார் சித்தப்பா. சித்தி மறுபடி வாயைக் குவித்துச் சொல்வாள்: ‘பார்லு.’ அவருக்குச் சிரிப்பாக வரும். அவளுக்குக் கண் கலங்கும்.

இன்னொரு விஷயம் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. வாலில் செத்துக் கிடக்கிற எழுத்து, அடுத்து ஓர் உயிரெழுத்து வந்தால் எழுந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். நு என்பது தனியாக நின்றால் வெறும் நு. அதன் பின்னால் அபிதோன் வந்தால் ‘நுஸாபிதோன்’. நாங்கள் குடியிருக்கிறோம் என்று அர்த்தம். அந்தச் செத்த ஸ எழுந்து உட்காருகிற பக்கத்தை மட்டும் இருட்டுகிற நேரத்தில் நான் திறக்கமாட்டேன்.

லீவு முடிந்து சித்தப்பா போய்விட்டார். புத்தகமும் நானும் சித்தியும் மிஞ்சினோம்.

எங்கள் வீட்டு முற்றத்தில் பெரிய கல் உரல். கம்பானாலும் நெல்லானாலும் அம்மாவும் சித்தியும் எதிரெதிரே நின்று உலக்கையை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒருத்தி தூக்கும்போது மற்றவள் இறக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் உலக்கையும் உலக்கையும் மோதிக் கை மரத்துப்போகும். இறக்குகிற ஒவ்வொரு போட்டுக்கும் அவர்கள் நெஞ்சிலிருந்து ‘ஹும்’ என்று ஒரு மூச்சு வெளியே வரும். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அந்த ஹும் இல்லாமல் குத்தமாட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சிதறுகிற கம்பை உரலுக்குள் தள்ளிவிட்டுக்கொண்டே புத்தகத்தைப் பிரித்து வைத்திருப்பேன்.

ஒரு நாள் சித்தி முணுமுணுத்துக்கொண்டே குத்தினாள். உலக்கை மேலே போகும்போது ‘நு பார்’. கீழே விழும்போது ‘லோன்’. சொல்லின் எந்தத் துண்டில் அழுத்தம் வேண்டுமோ சரியாக அந்தத் துண்டில் உலக்கை விழுந்தது. அடுத்த போடு ‘இல் பார்ல்’. உலக்கை விழுந்த வேகத்தில் மூச்சு போய்விட்டதால் உகரம் சொல்ல வாயில் காற்றே இல்லை. அடி ஆத்தி! நான் கம்பைப் போட்டுவிட்டு எழுந்து குதித்தேன். “சித்தி, வந்துருச்சு! இன்னொரு தடவை சொல்லுங்க!”

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கம்பு எல்லாம் பிரெஞ்சில்தான் குத்துப்பட்டது. சித்தி ‘நு பார்லோன்’ என்று போட்டால் அடுத்த உலக்கை அம்மாவுடையது. சும்மா போடுவானேன் என்று அவள் ‘வு பார்லே’ என்று போடுவாள். எல்லா வினைச்சொல்லிலும் அந்த ஒரு வரிசை மட்டும் அம்மாவுக்கு அத்துப்படி. அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, “என்னத்தா, மாரியம்மனுக்குப் புதுப் பாட்டா?” என்று கேட்டாள். “ஆமா, சைகோன் மாரியம்மனுக்கு,” என்றாள் அம்மா.

ஒரே ஒரு கோளாறு. சொல் ஒட்டிக்கொண்டபோது மூச்சும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. உலக்கை கையில் இல்லாமல் சும்மா நின்று சொல்லும்போதும் சித்தி ‘நு பார்லோன்-ஹும்’ என்பாள். ‘நுஸாபிதோன்-ஹும்.’ நான் புத்தகத்தைத் தட்டிக் காட்டுவேன். “சித்தி, இதுல எங்கயாச்சும் ஹும் போட்டிருக்கா?”

“அது இல்லாம வரமாட்டேங்குதே ஆத்தா. நான் என்ன செய்ய?”

நான் பொல்லாத வாத்தியாரம்மா. தலையில் குட்டாத குறைதான். அவள் ஒரு நாளும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. ஏலக்காய் ஆயும்போதும், ஆற்றில் துணி துவைக்கும்போதும், எனக்குத் தலை பின்னும்போதும் அவள் வாய் அசைந்துகொண்டே இருக்கும். பின்னலை முடிந்து இழுக்கிற இடத்தில் அழுத்தம் விழும்; எனக்குத்தான் வலிக்கும். ஒரு தடவை கேட்டேன், சைகோன் போய் என்ன செய்வீக என்று. யோசிக்கவே இல்லை, உடனே சொன்னாள். “ஒரு அடுப்பு வைக்கணும். என் கையால அவுகளுக்கு ஒரு வாய் சோறு போடணும். அம்புட்டுத்தான் ஆத்தா. நானும் கல்யாணம் கட்டுனவதானே.” அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஹும் வரவில்லை. தமிழாயிற்றே.

அடுத்த லீவு வந்தது. இந்தத் தடவை சித்தப்பா கொஞ்சம் பருத்திருந்தார். காலுறை சாதாரணமாக இருந்தது. மாட்டிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வந்த மறுநாள் மத்தியானமே தேவாரத்து மாமா வந்து இறங்கிவிட்டார். சித்திக்குப் புதுச் சேலை, வழியில் தின்ன முறுக்கு, சீடை, ஒரு தகரப் பெட்டி எல்லாம் வண்டியிலேயே கொண்டுவந்திருந்தார். தங்கச்சி தேறிவிடுவாள் என்பதில் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

சாப்பாட்டுக்குப் பிறகு பட்டாசாலை என்று நாங்கள் சொல்கிற முன்கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்பா, மாமா, சித்தப்பா. சித்தி தூணோரமாக நின்றாள். நான் புத்தகத்தோடு நடுவில். அவள் தோற்றால் நான் தோற்ற மாதிரி. அதைவிட, தோற்றால் அவள் அந்தத் தகரப் பெட்டியோடு சைகோனுக்குப் போகாமல் தேவாரத்துக்கு வண்டி ஏற வேண்டும்.

சித்தப்பா சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். “பார்லே,” என்றார். பேசு. சித்தி தரையைப் பார்த்துக்கொண்டு மளமளவென்று ஆறு வரிசையையும் சொன்னாள். துண்டு சரி. அழுத்தம் சரி. வால் எழுத்து ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் முடிவிலும் ‘ஹும்’. மாமா கடகடவென்று சிரித்தார். அப்பா சிரித்தார். உள்ளேயிருந்து அம்மா, தன் வரிசை வந்ததும் தன்னை மறந்து கூடவே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சித்தப்பாவும் சிரித்தார்.

அடுத்தது கேட்டார். சொன்னாள். அதற்கடுத்தது. சொன்னாள். அவர் சிரிப்பு குறைந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன். செத்த எழுத்து எழுந்திருக்கிற சொற்களாகப் பொறுக்கிக் கேட்டார். ஒன்றும் தப்பவில்லை. இனிமேல் நடக்கப் போவதைச் சொல்கிற வரிசையைக் கேட்டார். அதில் துண்டுகள் கூட, மூன்று நான்கு வரும். சித்தி ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டாள், கை தன்னால் உலக்கையைப் பிடிப்பதுபோல் மடங்கியது, சொல்லிவிட்டாள்.

“என்ன மாப்ளே?” என்றார் மாமா. “வேர்த்து ஊத்துதே? படிச்சவளுக்கு வேர்க்கல, கேக்குற ஒங்களுக்கு வேர்க்குது. தேறிட்டாளா இல்லையா? சொல்லுங்க.”

சித்தப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மாமாவைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. சித்தியை நிமிர்ந்து பார்த்தார். வந்ததிலிருந்து அவர் அவளை அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“ஜே அன் ஃபீஸ்.”

வாய்ப்பாட்டில் இல்லாததைக் கேட்கிறாரே! ஜே என்பது தெரியும், எனக்கு இருக்கிறது. மிச்சம் புரியவில்லை. மூன்று துண்டு, கடைசியில் அழுத்தம், அதுவரைக்கும்தான் என் படிப்பு. சித்தி பேசாமல் நின்றாள். ரொம்ப நேரம் நின்றதுபோல் எனக்கு இருந்தது. மறந்துவிட்டாளோ, இந்தப் பாடம் எங்களுக்கு வரவே இல்லையே என்று எனக்கு அழுகை முட்டியது. உதட்டை அசைத்து ஏதாவது காட்டிக்கொடுக்கலாம் என்றால் எனக்கே தெரியவில்லை.

அப்புறம் சித்தி சொன்னாள், ரொம்ப மெல்ல.

“இல் பார்ல்?”

சித்தப்பா தலையை ஆட்டினார். “இல் பார்ல்,” என்றார்.

அவ்வளவுதான். வாத்தியார் திருப்பிச் சொன்னால் சரி என்று அர்த்தம்! பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே? அது மட்டுமா, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் சொன்னதில் ஹும் இல்லை. ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. அச்சடித்த மாதிரி விழுந்தது சொல். நான் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைதட்டினேன். “தேறிட்டாக! எங்க சித்தி தேறிட்டாக!” என்று கூடத்தைச் சுற்றிக் குதித்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா என்னைப் பிடித்துத் தூக்கினார். மாமா என் தலையில் கை வைத்து, “இவதாண்டா வாத்திச்சி!” என்று முறுக்குத் தூக்குவாளியையே என் கையில் கொடுத்தார். நான் திரும்பிப் பார்த்தபோது சித்தி தூணோரத்தில் இல்லை. எல்லோருக்கும் மோர் எடுக்க உள்ளே போயிருந்தாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மறுநாள் காலையில் தகரப் பெட்டியை அவளே தூக்கிவந்து மாமா முன்னால் வைத்தாள். “அண்ணே, இதக் கொண்டுபோயிருங்க. நான் சைகோனுக்குப் போகல.”

“என்னது?”

“கடல்னா எனக்குப் பயமா இருக்கு. நெனச்சாலே தல சுத்துது. நான் இங்கனயே இருந்துக்கிறேன்.”

மாமா போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். மூணு வருஷம் உலக்கையோடு கத்தினது எதுக்கு, என் மானத்தை வாங்கவா, அப்போது தெரியாதா கடல் இருக்கிறது என்று? அப்படியானால் வண்டியில் ஏறு, தேவாரத்துக்காவது வா என்றார். அதற்கும் அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். அப்பா நயமாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா அழுதாள். சித்தப்பா ஒரு தடவை, “மச்சான், அவ மேல தப்பு இல்ல, நான்தான்…” என்று வாயைத் திறந்தார். சித்தி திரும்பி, “நீங்க சும்மா இருங்க,” என்றாள். புருஷனைப் பார்த்து அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மாமா இந்த வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். வெகு காலம் மிதிக்கவும் இல்லை. சித்தப்பா லீவு முடியும் முன்பே கிளம்பினார். அடுத்த லீவுகளுக்கு வரவில்லை. அப்புறம் உலக யுத்தம் வந்தது, கப்பல் நின்றது. அவர் திரும்பவே இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே கிடையாது. மாமாவின் கோபமாவது மீசைக் கோபம். என்னுடையது வாத்திச்சிக் கோபம். பரீட்சையில் தேறின பிறகு பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொல்கிற மாணவியை யாருக்குப் பிடிக்கும்? சித்தியிடம் பேசமாட்டேன். அவள் பின்னிவிட்ட தலையைப் பிரித்துவிட்டு அம்மாவிடம் போய் நிற்பேன். பயந்தாங்கொள்ளி என்று அவள் காதில் விழும்படி சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டு ஏலக்காய் ஆய்வாள். கம்பு குத்தும்போது அம்மா எப்போதாவது பழக்கதோஷத்தில் ‘வு பார்லே’ என்று போட்டுவிட்டு, எதிர் உலக்கை பேசாமல் விழுவதைப் பார்த்துத் தானும் வாயை மூடிக்கொள்வாள். புத்தகம் எங்கே போயிற்று என்று நான் தேடவில்லை.

வருஷங்கள் ஓடின. எனக்குப் படிப்பு வந்தது. அப்பா பிடிவாதமாகப் படிக்கவைத்தார். பட்டணத்தில் கன்யாஸ்திரிகள் நடத்திய ஒரு காலேஜில் சேர்ந்தேன். அங்கே பிரெஞ்சு எடுக்கலாம் என்றார்கள். எடுத்தேன். என் அழுத்தத்தைக் கேட்டு அந்த வெள்ளைக்காரச் சிஸ்டர், எந்த ஊர்க் கான்வென்ட்டில் படித்தாய் என்று கேட்டார். போடியில் ஓர் உரல் என்று சொன்னால் அவருக்கு எப்படிப் புரியும்?

சில பாடம் தாண்டி, வீட்டு மனுஷர்களின் பேர்கள் வந்தன. சிஸ்டர் ஒவ்வொரு பெண்ணையும் எழுப்பி, எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான், எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்று சொல்லச் சொன்னார். பலகையில் அடுத்த சொல்லை எழுதினார். எழுத்தில் எனக்கு அது அடையாளம் தெரியவில்லை. அவர் அதை வாசித்தார்: ஜே அன் ஃபீஸ். எனக்கு ஒரு மகன் இருக்கிறான். கல்யாணமாகாத பெண்களெல்லாம் இதை எப்படிச் சொல்வது என்று வகுப்பு முழுக்க ஒரே சிரிப்பு. நான் எழுந்து நிற்கவேண்டிய முறை. எழுந்தேன். சொல்லத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பட்டாசாலையில் அத்தனை பேர் நடுவில், ஒருத்தருக்கும் தெரியாமல், படப் பக்கத்தில் சித்திக்கு மட்டும் கற்றுக்கொடுத்த சொல்லை வைத்துச் சித்தப்பா அதைச் சொல்லியிருக்கிறார். பேசுகிறானா என்று சித்தி கேட்டிருக்கிறாள். பேசுகிறான் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் கைதட்டியிருக்கிறேன்.

அந்த லீவுக்கு ஊருக்குப் போனேன். சித்தி சுளகில் காயைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் நரை விழ ஆரம்பித்திருந்தது. என்ன படிப்பு, என்ன சாப்பாடு என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். பிரெஞ்சும் படிக்கிறேன் என்று சொன்னேன். அவள் கை நின்றது.

“எந்தப் பாடம் வரைக்கும் ஆயிருக்கு?”

“வீட்டு மனுஷங்க பேரு வரைக்கும்.”

“அப்ப தெரிஞ்சுபோச்சு,” என்றாள். சொத்தைக் காய் ஒன்றை எடுத்துத் தனியாகப் போட்டாள். “கைப்புள்ளையா இருந்தா ஒரு வேளை நானும் வாரேன்னு சொல்லியிருப்பேனோ என்னமோ. பேசுற புள்ளைன்னா அப்பா எங்கன்னு கேக்கும்ல? அந்த வீட்டுக்குள்ள போயி நான் எங்கன அடுப்பு வைக்க? நெசத்தச் சொன்னாலோ எங்கண்ணன் அவுகள அங்கனயே வெட்டிப் போட்டிருப்பாக. அந்தப் புள்ள யாரப் பாத்து அப்பான்னு கூப்பிடும்?”

நான் அழுதுவிட்டேன். “நான் கூறுகெட்டவ மாதிரி அன்னைக்குக் குதிச்சு, கைதட்டி…”

“அழாத ஆத்தா,” என்றாள். சுளகை நகர்த்திவைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “அப்ப ஏழெட்டுக் கண்ணு எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. இன்னும் ஒரு நொடி பாத்திருந்தாக, எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிருக்கும். நீ கைதட்டவும்தான் எல்லாரும் ஒன் பக்கம் திரும்புனாக. அதுக்குள்ள நான் மோர்ப்பானைகிட்டப் போயிட்டேன்.”